ஆள் தலைக்கு மேலே கொண்டுபோகக் கூடாது

கதிர்,

நீ அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போன உறை மூன்று நாளாக டிவி பக்கத்தில் இருக்கிறது. பிரித்துப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. உன் கல்யாணத்தன்று காலையில், பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை அழைப்பு நடக்கும் அரை மணி நேரம் நான் டிரோன் பறக்கவிடலாம் என்று உன் கம்பெனி வாங்கிய அனுமதிக் கடிதம் இருக்கிறது. மண்டபத்துக்காரரின் சம்மதக் கடிதம் இருக்கிறது. என் பெயரில் நான்கு பக்கப் பதிவுப் படிவம், நீயே நிரப்பியது. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் மஞ்சள் தாள் ஒட்டியிருக்கிறாய், கிழவன் தேடித் தடுமாற வேண்டாம் என்று. டிரோன் ஓட்டும் தேர்வு எழுதாத எனக்காக உன் கம்பெனி ஆள் ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பாராம். ஏழு மாதமாக நாம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை, இது நீ நீட்டும் கை என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நான்காம் பக்கத்தில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். கையெழுத்துப் போடுவேனா மாட்டேனா என்பதை உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள், நானும் உன்னைப் பல காலம் பொறுத்திருக்கிறேன்.

இருபத்தெட்டு வருடம் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே, பத்து மாடி உயரத்தில், காலடியில் கண்ணாடி போட்ட கூண்டுக்குள் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே குனிந்து உலகத்தைப் பார்த்தவன். கழுத்து போனதும் அப்படிக் குனிந்துதான். இனி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீழே இறங்கிய பிறகு நான் எப்படி ஆனேன் என்று உனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். பண்டமாரானில் இருக்கும் நம் வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனால் ஆட்களின் முதுகு. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். சாம்பாரில் உப்பு சரியாக இருந்த நாளில்கூட அம்மாவோடு சண்டை போட்டேன். அப்போதுதான் கோலாலம்பூரில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அந்த டிரோனைப் பார்த்து வாங்கி வந்தேன். பெட்டியைப் பிரித்து, கைப்பேசியில் இணைத்து, எனக்குப் பாடம் சொன்னது நீ. உனக்கு அப்போது பதினாறு வயது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாடாங் திடலில் அது முதல் தடவை ஏறியபோது, திரையில் நம் கூரை வந்தது, சீனக் கோயில் வந்தது, அதற்கு அப்பால் துறைமுகமும் வரிசையாக என் கிரேன்களும் வந்தன. நான் அழுதேன். நீ பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல பேட்டரியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். அந்த வயதிலேயே உனக்கு அந்த நாகரிகம் இருந்தது, எங்கே கற்றுக்கொண்டாயோ தெரியவில்லை.

கிரேன் கூண்டில் முதல் நாள் சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. உனக்கு ஐந்து வயதிலேயே நான் சொல்லியிருக்கிறேன், நீயும் விளையாட்டுக் கிரேனை வைத்துக்கொண்டு திருப்பிச் சொல்லியிருக்கிறாய். சுமையை ஆள் தலைக்கு மேலே கொண்டுபோகக் கூடாது. காலிக் கண்டெய்னராக இருந்தாலும் சரி, வெறும் கொக்கியாக இருந்தாலும் சரி. கீழே ஒருவன் குறுக்கே நடந்தால் சைரன் அடித்து நிறுத்த வேண்டும், அவன் போகும்வரை காத்திருக்க வேண்டும், மேலதிகாரி வாக்கி-டாக்கியில் கத்தினாலும் காத்திருக்க வேண்டும். இரண்டாவது பாடம், ஏதாவது நடந்துவிட்டால் கையை எடுத்துவிட்டு அங்கேயே இரு. இறங்கி ஓடாதே. ஆட்கள் வந்து கேட்கும்போது நீ அங்கே இருக்க வேண்டும். இருபத்தெட்டு வருடத்தில் இந்த இரண்டையும் நான் ஒரு நாளும் மீறியதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. அதை வைத்துத்தான் இத்தனை நாள் உன்னையும் அதட்டி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் உனக்கு ஞாபகம் இருக்கும். முதலில் நாம் இருவர், அப்புறம் லோரி ஓட்டும் முனியாண்டி, அப்புறம் இன்னும் நாலைந்து பேர். பாடாங் ஓரத்தில் மடக்கு நாற்காலி, பையில் கட்டி வாங்கிய தே தாரிக் தேநீர், ரொட்டி சானாய். முனியாண்டிக்கு வாரம் முழுக்க நெடுஞ்சாலையில் முன்னால் போகும் வண்டியின் பின்பக்கம்தான் காட்சி. டிரோனை ஏற்றிவிட்டு அவன் தான் ஓட்டும் சாலையையே மேலிருந்து பார்ப்பான். "இவ்ளோ அழகாண்ணே இந்த ரோடு, ஓட்டும்போது தெரியலயே லா" என்பான். நாங்கள் யாருக்கும் எந்தத் தொல்லையும் கொடுக்கவில்லை. பாடாங்கில் இரை தேடும் நாரைகள்கூட எங்களுக்குப் பழகிவிட்டன.

அப்புறம் விதிகள் மாறத் தொடங்கின. மாறட்டும், வானத்தில் விமானம் போகிறது, ஒழுங்கு வேண்டாமா என்று முதலில் சொன்னவனும் நான்தான். முதலில் சின்ன டிரோனுக்கு ஒன்றும் வேண்டாம் என்றார்கள். பிறகு சின்னதோ பெரியதோ பதிவு செய் என்றார்கள். பதிவு செய்தவனிடம் பதிவு போதாது, தேர்வு எழுது என்றார்கள். தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தவனிடம், தேர்வு இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் இடமும் நேரமும் எழுதி முன்கூட்டியே அனுமதி கேள் என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு காற்று எப்படி அடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? படிவம் ஒரு வருடம் ஒரு இணையப் பக்கத்தில் இருக்கும், மறு வருடம் அந்தப் பக்கமே இருக்காது. கேட்பதற்கு ஒரு எண் கொடுத்திருப்பார்கள், அதில் பாட்டு ஓடும். கடைசியில் எங்கெங்கே பறக்கவிடக் கூடாது என்று ஒரு வரைபடம் போட்டார்கள். துறைமுகத்தைச் சுற்றிச் சிவப்பு. நம் பாடாங் அந்தச் சிவப்பின் ஓரத்தில். இருபத்தெட்டு வருடம் உள்ளே உட்கார்ந்து அதைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன், வெளியே நின்று பார்த்தால் குற்றவாளி.

விதிகளை மீண்டும் திருத்தப் போகிறோம், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம் வைத்தபோது நாங்கள் நம்பிப் போனோம். பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவர்களுக்கு வட்டாரத்துக்கு ஒரு பாடாங் ஒதுக்குங்கள், ஞாயிறு காலை மட்டும் போதும் என்று நான் மலாயில் ஒரு கடிதம் எழுதினேன். குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் எழுந்து பேசுவது என்று முடிவு. முனியாண்டி அன்று லோரிக்கு லீவு போட்டு, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறியதிலிருந்து என்னை ஒத்திகை பார்க்கச் சொல்லிக்கொண்டே வந்தான். மண்டபத்துக்குள் நுழைந்தால் முதல் வரிசையில் நீ. கம்பெனிச் சட்டை, கழுத்தில் அட்டை, முன்னால் லேப்டாப். கோபுரங்களையும் செம்பனைத் தோட்டங்களையும் டிரோனில் சோதிக்கும் கம்பெனியில் உனக்கு நல்ல வேலை என்று எனக்குத் தெரியும். அந்தக் கம்பெனிக்காக நீ இங்கே வந்து பேசப் போகிறாய் என்று நீ சொல்லவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. அப்போதே நம் வீட்டுப் பேச்சு அந்த அளவில்தான் இருந்தது.

நீ எழுந்து நன்றாகப் பேசினாய். ஆங்கிலமும் மலாயும் மாறி மாறி, தடங்கல் இல்லாமல். தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு விதி, விளையாடுகிறவர்களுக்கு இன்னும் கடுமையான விதி வேண்டும் என்றாய். ஏன் என்று காட்டுகிறேன் என்று ஒரு வீடியோவை ஓடவிட்டாய். பத்துமலை. தைப்பூசம். மேலிருந்து எடுத்தது. மனிதத் தலைகள், பால்குடங்கள், காவடிகள். நடுவே கரும்புத் தொட்டில் ஒன்று, இரண்டு தோள்களுக்கு நடுவே கரும்பில் கட்டிய மஞ்சள் துணி, உள்ளே குழந்தை. அது பெரிதாகிக்கொண்டே வருகிறது. குழந்தையின் ஒரு பாதம் துணிக்கு வெளியே தெரிகிறது. அதோடு படம் நின்றுவிட்டது. மண்டபத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். இதை இயக்கியவர் இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை என்று நீ சொன்னாய். குரல் கொஞ்சம்கூட ஆடவில்லை. முனியாண்டி என் காதருகே வந்து, "எந்த மடப்பய வேலைண்ணே இது? இவனுங்களாலதான் நமக்குக் கெட்ட பேரு" என்றான்.

நான் "ஆமா" என்றேன்.

அதற்கு அப்புறம்தான் நான் எழுந்து பேச வேண்டும். பெயரைக் கூப்பிட்டார்கள். என்னால் எழ முடியவில்லை. முனியாண்டி என்னைப் பார்த்தான், கடிதத்தை என் கையிலிருந்து எடுத்தான், தானே போய் நின்று வாசித்தான். ஆறாம் வகுப்போடு நின்றவன். நான் போட்ட பெரிய பெரிய மலாய் வார்த்தைகளில் அவன் தடுக்கி விழுந்தான். பின்னால் உன் வயதுப் பையன்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, அதை நான் பார்த்தேன். நீ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நேரம் முடிந்தது என்று பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "சாரிண்ணே, நீங்க பேசியிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றான். என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

இனி, நேற்றுவரை உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததைப் பத்திரிகையில் எல்லோரும் படிக்க எழுதுகிறேன். பத்து வருடத்துக்கு முந்தைய அந்தத் தைப்பூசத்துக்கு அம்மா உன் பரீட்சைக்காகப் பால்குடம் எடுத்தாள். கூட்டத்தில் அவளை மேலிருந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பறக்கவிடக் கூடாது என்று எழுதிய பலகை அங்கே இருந்ததோ இல்லையோ, நான் தேடவில்லை. ஒரு கிலோகூட இல்லாத பொருள், இதெல்லாம் ஒரு சுமையா என்று நினைத்தேன். கடைகளின் ஓரமாக நின்று ஏற்றினேன். நீ என் தோளுக்குப் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்து, "பா, பேட்டரி கொறையுது, எறக்கிடுங்க பா" என்றாய். அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டேன், மஞ்சள் புடவை, தலையில் குடம், இன்னும் ஒரு நிமிடம் என்றேன். அவ்வளவு கைப்பேசிகள் இருக்கும் கூட்டத்தில் சிக்னல் போய்விட்டது. அது தானாக இறங்கத் தொடங்கியது. நான் விசைகளை என்னென்னவோ செய்தேன், அது என் பேச்சைக் கேட்கவில்லை. தொட்டிலின் முன்பக்கத்தைத் தூக்கி வந்த அப்பனின் நெற்றியில் போய் விழுந்தது. விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. ரத்தம் கண்ணில் வழிந்தது. அந்த மனிதன் ஒரு கையைக்கூட எடுத்துத் துடைக்கவில்லை, கதிர். இரண்டு கைகளாலும் கரும்பைப் பிடித்தபடி அப்படியே நின்றான். விட்டால் பிள்ளை விழும்.

நான் போனேன். கூட்டத்துக்குள் புகுந்து, காலடியில் கிடந்த டிரோனை எடுத்து, பைக்குள் போட்டேன். அவ்வளவுதான் செய்தேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நீ என் சட்டையைப் பிடித்து, "பா, அந்த அங்கிளப் போய்ப் பாக்கலாம் பா" என்றாய். நான் "வாய மூடிட்டு நட" என்றேன். அன்று சாயங்காலம் அம்மா முந்தானை கிழிந்து வீட்டுக்கு வந்தாள். "யாரோ ஒருத்தருக்கு நெத்தியில அடிபட்டு ரத்தமா ஊத்துச்சுங்க. மேலேருந்து என்னமோ விழுந்துச்சாம். நாந்தான் முந்தானையக் கிழிச்சுக் கட்டுனேன். தையல் போடணும்னாங்க. அந்தாளு கரும்ப விடவே மாட்டேன்ட்டாரு" என்று சொல்லிக்கொண்டே நமக்குச் சோறு போட்டாள். நான் "ம்" என்றேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாய். மறுநாள் என்னிடம் இருந்த வீடியோவை அழித்தேன். அதற்குள் நீ உன் லேப்டாப்பில் ஒன்று எடுத்து வைத்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் அதையும் அழித்திருப்பேன்.

கூட்டம் முடிந்த அன்று நீ வீட்டுக்கு வந்தாய். நல்லவேளை, அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நாம் பேசியதை அப்படியே எழுதுகிறேன், மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நீ சொல்லக் கூடாது.

"அந்த வீடியோவ எடுத்துக் காட்டறதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா பா?"

"முனியாண்டி பக்கத்துல உக்காந்திருந்தான்டா."

"ஒங்க பேர நான் சொல்லலயே. தெரியாதுன்னுதானே சொன்னேன். ஒங்களக் காப்பாத்துனேன் பா."

"என்னைக் காப்பாத்துனியா, ஒன் வேலையக் காப்பாத்துனியா?"

நான் அதற்கு மேலும் சில வார்த்தைகள் சொன்னேன், என் முதுகில் ஏறிப் போனவன் என்று சொன்னேன். அதை இங்கே திருப்பிச் சொல்வதில் எனக்குப் பெருமை இல்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாய். அறைந்து சாத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

சில வாரங்களில் புதிய விதி வந்தது. நம் பாடாங்கில் பலகை நட்டார்கள், டிரோன் படத்தின் மேல் சிவப்புக் கோடு. முனியாண்டி தேர்வை விடவில்லை. லோரியில் சாமான் ஏற்றும்வரை காத்திருக்கும் நேரத்தில் படித்தான். மேகத்தின் வகைகளை ஆங்கிலத்தில் கேட்டார்களாம். இரண்டு தடவை எழுதினான், இரண்டு தடவையும் போய்விட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் டிவி பார்க்கிறான். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. கம்பெனிகளின் டிரோன்கள் மட்டும் வாரம் இரண்டு தடவை துறைமுகத்தின் மேல் போகின்றன. அவற்றில் ஒன்று உன்னுடையதாக இருக்கலாம். சத்தம் கேட்டால் நான் அண்ணாந்து பார்ப்பதில்லை.

விதி கெட்டது என்று நான் சொன்னால் நீ சிரிப்பாய், சிரிக்க உனக்கு உரிமை உண்டு. என்னைப் போன்ற ஒருவனால்தான் அந்த விதி வந்தது. ஆனால் அது என்னைப் பிடிக்கவில்லை, கவனித்தாயா? ஒரு நாளும் ஆள் தலைக்கு மேலே பறக்கவிடாத முனியாண்டியைத்தான் பிடித்தது. எனக்கு இதோ, உன் தயவில், நான்கு பக்கப் படிவமும் அனுமதிக் கடிதமும் வீடு தேடி வந்திருக்கின்றன. உள்ளே ஆள் இருக்கிறவனுக்கு வானம் திறக்கும் என்றால் அதற்கு இவ்வளவு கூட்டம், இவ்வளவு கருத்து, இவ்வளவு வரைபடம் எதற்கு? இந்தக் கசப்பு எனக்குப் போகாது. போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

சரி, நான்காம் பக்கத்துக்கு வருகிறேன். உங்கள் சாதனத்தால் எப்போதாவது யாருக்காவது காயம் ஏற்பட்டதுண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு கட்டங்கள். 'இல்லை' என்ற கட்டத்தில் நீலப் பேனாவில் சரி குறி. வால் நீண்ட சரி குறி, நீ பள்ளிக்கூடத்தில் போட்ட அதே குறி. மற்ற பக்கங்களை எல்லாம் நீ தட்டச்சு செய்திருக்கிறாய். இந்தக் கட்டத்தை மட்டும் கையால் போட்டிருக்கிறாய். பிரிண்ட் எடுக்கும்போது காலியாக விட்டிருக்கிறாய், அப்புறம்தான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போட்டிருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். தப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் பதினேழு வயதில் என் சட்டையைப் பிடித்து இழுத்த பிள்ளை, பத்து வருடம் கழித்து எனக்காக 'இல்லை' போட்டுப் பக்கத்தில் மஞ்சள் தாளும் ஒட்டித் தருகிறான். நீ எனக்குச் செய்த எல்லாவற்றிலும் இதுதான் எனக்கு வலித்தது. அந்த வீடியோ அல்ல. இதை உனக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று யோசித்தால், அன்று "வாய மூடிட்டு நட" என்ற குரல்தான் கேட்கிறது.

நேற்றுக் காலை முனியாண்டி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வாசலில் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தான். குழாயை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டான். கத்துவான் என்று நினைத்தேன். "வீடியோவ விடுங்கண்ணே. அன்னிக்கு நீங்க பேசறேன்னு சொன்னீங்க. எந்திரிக்கவே இல்லையே. எல்லாரும் என்னப் பாத்து சிரிச்சானுங்க" என்றான். மறுபடி குழாயைத் திறந்தான். உன் கல்யாணப் பத்திரிகை அவன் வீட்டுச் சுவரில் செருகியிருக்கிறது. வருவானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவிடம் சாயங்காலம் சொன்னேன். பூக்கட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது. "கதிருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். கூடவே இருந்தான் என்றேன். "அப்ப ரெண்டு பேரும் தெரிஞ்சுக்கிட்டேதான் அன்னிக்கு நான் போட்ட சோத்த சாப்பிட்டீங்க" என்றாள். அழவில்லை. பூவை முடித்துச் சாமிக்குப் போட்டாள். அந்தக் கிழிந்த புடவை பீரோவில் இன்னும் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதன் பக்கத்தில்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் நீ போட்ட குறியை அடித்து, அடித்ததற்கு அருகே என் சுருக்கொப்பமும் போட்டு, 'ஆம்' என்ற கட்டத்தில் குறி போட்டிருக்கிறேன். கீழே விவரம் எழுத மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். தைப்பூசம், பத்துமலை, கரும்புத் தொட்டில் சுமந்து வந்தவர், நெற்றியில் காயம், நான் அங்கே நிற்கவில்லை என்று எழுதினேன். மூன்று வரியே போதுமானதாக இருந்தது. இனி எனக்கு அனுமதி கிடையாது என்று எனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில் நான் பறக்கவிடப் போவதில்லை. டிரோனைப் பெட்டியில் போட்டு, படிவத்தோடு கொண்டுபோய் ஒப்படைக்கப் போகிறேன். ஆட்கள் வந்து கேட்கும்போது இந்தத் தடவை நான் அங்கே இருப்பேன்.

இதனால் உனக்கு என்ன வரும் என்று யோசிக்காமல் இல்லை. அடையாளம் தெரியாது என்று நீ அத்தனை பேர் முன்னால் சொன்னாய். உன் முதலாளி கேட்பார். பெண் வீட்டார் யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறை அரசாங்க வேலை, "எல்லாம் முறைப்படி இருக்கவேணும்" என்று நிச்சயத்தன்றே சொன்னவர் உன் மாமனார். அவரும் கேட்பார். ஆகவே நான் சொல்வதைக் கேள். இன்று வியாழன். இந்தக் கடிதத்தை முதலில் உன் கையில் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் இது வரும், கரும்பைப் பிடித்திருந்த அந்த மனிதர் எங்காவது உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றுதான் கொடுத்திருக்கிறேன். அவர் பிள்ளைக்கு இப்போது பத்து வயது இருக்கும். படிவத்தைத் திங்கட்கிழமை கொண்டுபோகிறேன். உனக்கு நடுவில் மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் உன் முதலாளியிடம் நீயே போய்ச் சொல். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் அதற்கும் முன்னால் சொல். கல்யாணத்துக்கு அப்பன் சொல்லும் புத்திமதி என்று எதையாவது எதிர்பார்த்திருந்தால், என்னிடம் இருப்பது இவ்வளவுதான். அவள் சோறு போடும்போது அவளுக்குத் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு சாப்பிடாதே.

நீ என்னிடம் சொல்லாமல் காட்டினாய். நான் உன்னிடம் சொல்லிவிட்டுக் காட்டுகிறேன். நமக்குள் இருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான், அதைக்கூட நான் உன்னைக் குத்தத்தான் எழுதுகிறேன், ஒத்துக்கொள்கிறேன். கோபம் ஆறவில்லை. உன் மேலும் ஆறவில்லை, என் மேலும் ஆறவில்லை.

மாப்பிள்ளை அழைப்புக்கு உன் கம்பெனி டிரோன் வரும் என்று நினைக்கிறேன். வரட்டும். அதை ஓட்டுகிறவரிடம் ஒன்று மட்டும் சொல்லி வை, ஆள் தலைக்கு மேலே கொண்டுவர வேண்டாம் என்று. நானும் அம்மாவும் கூட்டத்தோடு கீழேதான் நிற்போம். கூப்பிட்டால் முன்னால் வருகிறேன்.

அப்பா